வீட்டில் கண்ட மருத்துவம்: காசநோயும் நாடுகளின் கூட்டுறவும்

(ஓட்டப்பிடாரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிர், அந்நோயால் நுரையீரல் பழுதுபட்டவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் மிக நுண்ணிய துளிகளில் ஏறிக் காற்றில் மிதந்து, அதே காற்றைச் சுவாசிக்கும் மற்றொருவரின் நுரையீரலில் சென்று தங்குகிறது. தங்கியவுடன் அது நோயாக மாறிவிடுவதில்லை; உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இத்தொற்றுக்கு ஆளானவர்கள் என்று மதிப்பிடப்பட்டாலும், அவர்களுள் 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் என்றேனும் நோயாளி ஆகின்றனர். உறங்கிக் கிடக்கும் கிருமி விழித்துக்கொள்ள உடலின் எதிர்ப்பாற்றல் தளர வேண்டும், அத்தளர்ச்சிக்கு எச்.ஐ.வி., நீரிழிவு, மது, புகையிலை எனக் காரணங்கள் பல இருப்பினும், இந்தியாவில் அவற்றுள் முதன்மையானது போதிய உணவின்மையே. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2024ஆம் ஆண்டில் 1 கோடியே 7 இலட்சம் பேர் காசநோய்க்கு ஆளாயினர், 12 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தனர். நோயுற்றோரில் நான்கில் ஒருவர் இந்தியர்.

காற்றில் பரவும் நோயை எந்த நாடும் தன் எல்லைக்குள் மட்டும் நின்று ஒழித்துவிட முடியாது என்பதால், கடந்த எண்பது ஆண்டுகளில் நாடுகள் பலவும் இதற்கெனக் கைகோத்தன. அக்கூட்டுறவின் வரலாறு ஜெனீவாவிலும் இலண்டனிலும் மட்டும் எழுதப்பட்டதன்று. அதன் மிக முக்கியமான பகுதி சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில், ஓர் அறைக்குள் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீடுகளில் எழுதப்பட்டது. அங்குக் கிடைத்த அறிவை உலகம் முழுமையாகப் பெற்றுக்கொண்டது. ஆனால் அவ்வறிவு எந்த ஏழையின் உடலிலிருந்து பெறப்பட்டதோ அந்த ஏழைக்கு உலகமும் நாடும் திருப்பித் தர வேண்டியது இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என விரியும் இந்த மானாவாரிக் கரிசல் நிலத்திலிருந்து பார்க்கும்போது அக்கடனின் அளவு தெளிவாகவே புலப்படுகிறது.

இந்நோய் தமிழுக்கு என்ன செய்தது என்பதை அறிய நெல்லைச் சீமையைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் தம் 42ஆம் வயதில், 1948இல், காசநோயால் இறந்தார். அதே 1948இல்தான், ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து காசநோயை எதிர்க்க வல்லது என்று மெய்ப்பித்த ஆய்வின் முடிவைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் இளமையில் இதே நோய்க்கு ஆளானவர். அவர் மீண்டார், நூறை நெருங்கும் வயதுவரை வாழ்ந்து, 2021இல் மறைந்தார். கரிசல் இலக்கியம் என்று இன்று போற்றப்படுவதன் பெரும்பகுதி, ஒரு மனிதர் அந்நோயிலிருந்து பிழைத்ததால் கிடைத்தது. பிழையாமற் போனவர்களோடு எவையெல்லாம் போயின என்பதற்குக் கணக்கில்லை.

மருந்து வருவதற்கு முன் காசநோய்க்குச் செய்யப்பட்டது ஓய்வும் உணவும் நல்ல காற்றும் தரும் சானடோரியச் சிகிச்சையே. சானடோரியம் என்பது ஊருக்கு வெளியே, மரங்களுக்கிடையே, நோயாளிகள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தங்கும் மருத்துவமனை. கிறித்தவச் சபைகள் பல ஒன்றுகூடி மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் நிறுவிய சானடோரியத்தை டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிரிமோட்-மொல்லர் நடத்தினார். தாம்பரத்தில் மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் ஒன்றைத் தொடங்கினார். இவை நல்ல நிறுவனங்கள், பல்லாயிரவருக்கு ஆறுதல் அளித்தவை. எனினும் நாட்டில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. அதுவரை காசநோய் நகரத்து நெரிசலின் விளைவு என்றே கருதப்பட்டு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு, சிற்றூர்களிலும் நகரங்களுக்கு இணையாக அந்நோய் பரவியிருந்ததைக் காட்டியபோது, சானடோரியங்களைக் கட்டியே இதைத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

இந்நிலையில்தான் 1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தோன்றியது. வேதிமருத்துவம் என்பது கிருமியைக் கொல்லும் மருந்துகளைக் கொண்டு செய்யும் சிகிச்சை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்து அதை நடத்தின. விடுதலை பெற்று ஒன்பதே ஆண்டுகள் ஆன ஒரு நாடு, முன்னர்த் தன்னை ஆண்ட நாட்டின் ஆராய்ச்சிக் கழகத்தோடு சமமாக அமர்ந்து ஆய்வு செய்ய உடன்பட்டது அக்காலத்தில் எளிதான செயலன்று. மையத்தை முதலில் வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்தவர். அவரோடு தேவதத்தா, ராமகிருஷ்ணன், வேலு ஆகிய மருத்துவர்களும் புள்ளியியலாளர் ராதாகிருஷ்ணாவும் உழைத்தனர். ஆய்வுக் கட்டுரைகளில் இப்பெயர்கள் அருகருகே நிற்பதைக் காணும்போது, கூட்டுறவு என்ற சொல் அங்கு வெறும் சம்பிரதாயமாக இருக்கவில்லை என்பது விளங்கும்.

அம்மையம் எழுப்பிய கேள்வி எளியது, ஆனால் அதுவரை ஒருவரும் முறையாக எழுப்பாதது: மருந்து ஒழுங்காகக் கிடைக்குமானால், நோயாளி வீட்டிலேயே இருந்து குணமடைய முடியுமா? 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். யாருக்கு வீடு, யாருக்குச் சானடோரியம் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், தற்செயல் ஒதுக்கீட்டு முறையால் முடிவு செய்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோனியாசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகள் தரப்பட்டன. இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தருவதற்குக் காரணம் உண்டு: ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால், கோடிக்கணக்கான கிருமிகளுள் அம்மருந்துக்கு இயல்பிலேயே அடங்காத சில தப்பிப் பெருகிவிடும், அதுவே மருந்தெதிர்ப்பு எனப்படுகிறது. வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை உண்மையாகவே உட்கொள்கின்றனரா என்று பார்க்க, மையத்தினர் முன்னறிவிப்பின்றிச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர்.

ஓராண்டு முடிவில், சானடோரியத்தில் இருந்தவர்களுள் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் இருந்தவர்களுள் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959இல் வெளியான இம்முடிவு மருத்துவ உலகைத் திகைக்கச் செய்தது. சானடோரியத்தில் நல்ல படுக்கை, முழு ஓய்வு, பாலும் முட்டையும். வீட்டிலோ நெரிசல், வேலை, குறைந்த உணவு. அத்தனை வேறுபாடு இருந்தும் பயனில் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இருந்த சிறு இடைவெளியும் மறைந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் தொற்றிவிடுமே என்ற அச்சமும் ஆராயப்பட்டது. வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்று தெரிந்தது. நோய் இன்னதென்று கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்று நிகழ்ந்து முடிந்துவிடுகிறது, மருந்து தொடங்கிய பின் நோயாளியின் சளியில் கிருமி விரைந்து குறைந்துவிடுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சானடோரியங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டதற்குச் சென்னையின் இவ்வாய்வு ஒரு வலுவான காரணம். செல்வ நாடுகள் தம் மருத்துவமனைகளுக்குச் செய்துவந்த பெருஞ்செலவை மிச்சப்படுத்தும் வழியைச் சென்னையின் ஏழைகள் காட்டிக் கொடுத்தனர். இது மிகையாகச் சொல்லப்படுவதன்று.

அதே மையம் 1964இல், வாரத்துக்கு இருமுறை மட்டும், பணியாளர் ஒருவரின் கண்முன் மருந்து தரும் முறை நாள்தோறும் நோயாளி தாமே உட்கொள்ளும் முறைக்குச் சற்றும் குறைந்ததன்று என்று காட்டியது. பின்னர்க் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் பிரித்தானியக் கழகத்தார் நடத்திய ஆய்வுகள், ரிஃபாம்பிசின் என்னும் மருந்தைச் சேர்த்தால் பதினெட்டு மாதச் சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைக்கலாம் என்று கண்டன. கரேல் ஸ்டிப்லோ தான்சானியாவில் அதை ஒரு நாட்டின் திட்டமாகவே நடத்திக் காட்டினார். சென்னை, நைரோபி, தாருஸ்ஸலாம் ஆகிய மூன்று இடங்களின் அறிவும் ஒன்றுசேர்ந்ததே, 1990களின் நடுவில் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்த டாட்ஸ் என்னும் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை. இந்தியாவில் 1997 முதல் படிப்படியாக விரிந்த அத்திட்டம் 2006இல் நாடு முழுவதையும் எட்டியது.

பெங்களூரில் 1959இல் அமைந்த தேசியக் காசநோய் நிறுவனத்தின் பணியும் இங்கு நினைவுகூரத் தக்கது. தேபபர் பானர்ஜியும் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் செய்து 1963இல் வெளியிட்ட ஆய்வு, காசநோயின் அறிகுறி உள்ளவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தாமாகவே அரசு மருத்துவ நிலையத்துக்குச் சென்றிருந்ததையும், இருமல் மருந்து ஒரு புட்டியோடு அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டிருந்ததையும் வெளிக்கொணர்ந்தது. கிராமத்து மக்கள் அறியாமையால் மருத்துவரை நாடுவதில்லை என்று அதிகாரிகள் கூறிவந்த பழி அன்றே பொய்யாயிற்று. அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் அப்பழி வேறு வேறு வடிவில் மேடைகளில் ஒலிப்பது வேதனைக்குரியது.

தடுப்பூசி பற்றிய வரலாறும் தமிழ்நாட்டோடு பிணைந்ததே. பி.சி.ஜி. தடுப்பூசியை 1948 முதல் கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் உற்பத்தி செய்தனர்; அதை மக்கள் அனைவருக்கும் போடுவதை இராஜாஜி 1955இல் கடுமையாக எதிர்த்து நூலே எழுதினார். அவருடைய காரணங்கள் அனைத்தும் அறிவியல் சார்ந்தவை என்று கூற இயலாது. ஆயினும் ஒரு மருந்தை மக்களுக்குத் தரும் முன் அதன் பயன் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பேராய்வு, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் துணையோடும், இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே அக்கேள்விக்கு விடை தேடியது. வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுப்பதில்லை என்பதே விடை. விரும்பத்தகாத அம்முடிவை மறைக்காமல் வெளியிட்டது அவ்வாய்வாளரின் நேர்மை. குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களுக்கு எதிராகவே முதன்மையாக இன்று அவ்வூசி பயன்படுவதும், புதிய தடுப்பூசியை நாடுகள் தேடிக்கொண்டிருப்பதும் அந்நேர்மையின் விளைவே.

கூட்டுறவு என்பது அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்குப் பெடாகுவிலின் மருந்தின் கதை சான்று. பழைய மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு, செவித்திறனையே பறிக்கக்கூடிய ஊசிகளை மாதக்கணக்கில் போட்டுவந்த காலம் ஒன்று உண்டு. அவ்வூசிகளால் செவித்திறன் இழந்து உயிர் பிழைத்த இருவர், மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த புமேசா திசிலேயும், ஊசிக்கு மாற்றாக வந்த பெடாகுவிலின் மாத்திரையின் காப்புரிமையை மேலும் நான்காண்டுகள் நீட்டிக்க அமெரிக்க நிறுவனம் செய்த விண்ணப்பத்தை எதிர்த்து இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்தனர். 2023 மார்ச்சில் அவ்விண்ணப்பம் மறுக்கப்பட்டது. இந்திய நிறுவனங்கள் அம்மருந்தைத் தயாரிக்க வழி பிறந்தது. அதே ஆண்டில் உலகக் கொள்முதல் விலை பாதிக்கும் மேல் குறைந்தது. சரக்கை ஏற்றும் கப்பல் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் கட்டணத்தை அவரே வைப்பார் என்பதை ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனார் 1906இல் கண்டு, தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவரை வீழ்த்த வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்த வரலாற்றை இவ்வூர்க் குழந்தைகளும் அறிவர். மருந்தின் விலையிலும் நடப்பது அதுவே. மாற்றுக் கப்பல் இல்லாத துறைமுகத்தில் ஏழைக்கு இடமில்லை.

பிறர் தரும் நிதியை மட்டும் நம்பி நிற்கும் கூட்டுறவு எவ்வளவு நலிவானது என்பதை 2025 காட்டியது. காசநோய்க்கு மிகுந்த நிதி அளித்துவந்த அமெரிக்கா அவ்வாண்டு ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததோடு, உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றில் சளிப் பரிசோதனையும் பணியாளர் ஊதியமும் ஒரே வாரத்தில் தடைப்பட்டன. இந்தியா தன் திட்டத்துக்குப் பெரும்பாலும் சொந்த நிதியையே செலவிடுவதால் அந்த அதிர்ச்சி இங்கு அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனாலும் 2025க்குள் காசநோயை ஒழிப்பது என்று நாடு வகுத்த இலக்கு எட்டப்படவில்லை. 2015இல் இலட்சம் பேருக்கு 237ஆக இருந்த புதிய நோயாளிகளின் விகிதம் 2024இல் 187ஆகக் குறைந்தது. குறைவு மெய்யானது, உலகச் சராசரியைவிட விரைவானது. ஒழிப்பு என்ற சொல்லுக்கோ அது வெகு தொலைவில் நிற்கிறது.

மருந்து இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, அறிவு இருக்கிறது. பிறகும் நோய் தங்குவதேன் என்று தேடினால், தேடல் 1959ஆம் ஆண்டின் ஆய்வுக்கே திரும்பி வருகிறது. குறைந்த உணவோடும் நோயாளி குணமடைய முடியும் என்று அவ்வாய்வு கண்டது உண்மை. அதன் பொருள், மருத்துவமனைப் படுக்கை இல்லை என்பதால் எவருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதே. உலகமோ அதிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டது: மாத்திரையைக் கொடுத்தால் போதும், உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்த ஐம்பதாண்டுகளில் திட்டங்கள் அனைத்தும் மாத்திரையை எண்ணின, நோயாளியின் எடையை எண்ணவில்லை. சென்னை ஆய்வாளர் எவரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுடைய முடிவைச் செலவுக் குறைப்பின் கண்ணாடி வழியே படித்தவர்களின் பிழை அது.

அப்பிழையைத் திருத்தும் சான்றும் இந்தியாவிலிருந்தே வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை, அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் வழிநடத்திய ஆய்வில், 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பொருள்கள் அடங்கிய தொகுப்பு தரப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பங்களில் உடன் வாழ்வோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் வழங்கப்பட்டன. உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளுள் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்திருந்தது. வளர்ந்தவர்களைக் காக்கும் தடுப்பூசி இன்னும் கைக்கு வராத நோய்க்கு, பருப்பும் அரிசியும் அத்தகைய காப்பை அளித்தன.

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதே உணர்விலிருந்து பிறந்தது. காசநோயால் இறப்போரில் பெரும்பகுதியினர் சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களிலேயே இறக்கின்றனர் என்பதால், நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர் நோயாளியின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பன பார்த்து, கடும் நிலையில் உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றார். எக்ஸ்ரே தேவையில்லை, இரத்தச் சோதனையும் தேவையில்லை. 1959இல் பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்று கண்ட மருத்துவமனைப் படுக்கை யாருக்குக் கட்டாயம் தேவை என்பதை, எடை பார்க்கும் எந்திரமும் விரலில் மாட்டும் சிறு கருவியும் இன்று சொல்லிவிடுகின்றன.

கரிசல் காட்டில் இந்த ஆறு மாதச் சிகிச்சை எப்படிக் கழிகிறது என்பதையும் எண்ண வேண்டும். ஆவணியில் மாத்திரை தொடங்கியவருக்கு ஐப்பசி விதைப்பும் களையெடுப்பும் நடுவே வருகின்றன. தை, மாசி அறுவடையோடுதான் சிகிச்சை முடியும். நிலமில்லாதவர் தீப்பெட்டி ஆபீசிலோ, வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடும் இடத்திலோ கூலிக்குப் போகிறார். செய்த வேலைக்குத்தான் கூலி என்பதால், படுத்தால் வருமானம் நின்றுவிடும். மழை பொய்த்த ஆண்டில் திருப்பூருக்கோ கோவைக்கோ மும்பைக்கோ குடும்பத்தோடு புறப்பட நேரும். மைய அரசு நோயாளியின் வங்கிக் கணக்கில் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் செலுத்துகிறது. அது வரவேற்கத்தக்கது, ஆனால் அப்பணம் நோயாளிக்கு மட்டுமே உரியது, அதே தட்டில் உண்ணும் பிள்ளைகளுக்கு அதில் பங்கு இல்லை. நடைமுறையில் தாய்க்கு வந்த பணத்தைப் பிள்ளைகள் உண்பர், அல்லது எவருமே நிறைவாக உண்ணார்.

ஜார்க்கண்ட் ஆய்வின் அளவை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். நோயாளியோடு நால்வர் வாழும் வீட்டுக்கு, உடன் வாழ்வோருக்கென ஆறு மாதத்துக்குத் தேவைப்படும் பருப்பு 36 கிலோ. உளுந்தும் பாசிப்பயறும் மானாவாரியாக விளையும் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் அது சிறு துண்டு நிலத்தின் மகசூல். அதை உள்ளூர் உழவரிடமிருந்தே கொள்முதல் செய்து, ரேஷன் கடை வழியாக, நோயாளியின் குடும்ப அட்டையில் உள்ள அனைவருக்கும் வழங்குவதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. குடும்பம் திருப்பூருக்குப் பெயர்ந்தாலும் நோயாளியின் மருந்துப் பதிவு அங்குள்ள சுகாதார நிலையத்துக்கு மாறுவதைப் போலவே, உணவு உரிமையும் மாறும்படி ஆணையிட்டால் போதும். இரண்டாம் மாத முடிவில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் எடையையும் கிராம சுகாதாரச் செவிலியர் குறித்து, அக்குறிப்புகளைச் சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு இயங்கும் அதே பழைய மையத்துக்கு அனுப்பினால், மானாவாரி நிலத்தில் பயறு எத்தனை பேரை நோயிலிருந்து காத்தது என்பது தெரியவரும். மழையை நம்பி வாழும் மலாவிக்கும் சாம்பியாவுக்கும் அந்த எண் பயன்படும்.